எந்தப் புயலைக் கேட்கிறீர்கள்

நகராட்சிப் பதிவேட்டில் அவள் வேலை எழுத்தர் என்று இருந்தது. ஊருக்கு அவள் மைக் அக்கா. தண்ணீர் வராத நாள், தடுப்பூசி போடும் நாள், காணாமல் போன குழந்தை போட்டிருந்த சட்டையின் நிறம், எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருத்தெருவாகச் சொல்லிப் போவது பதினோரு வருடமாக அவள்தான். சத்தம் போட மாட்டாள். ஒவ்வொரு சொல்லாக, ஆற அமரச் சொல்வாள். வாசலில் துணி உலர்த்துகிறவர்கள் கைவேலையை விடாமலே கேட்டுக்கொள்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமை வானிலை மையத்திலிருந்து தாள் வந்தது. கடலில் புயல் உருவாகியிருக்கிறது. அதன் பெயர் மரகதம். புதன்கிழமை கரையைக் கடக்கலாம். துறைமுகத்தை ஒட்டிய ஆறு தெருக்காரர்களும் செவ்வாய் சாயங்காலத்துக்குள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

தாளில் இருந்தபடியே வாசித்தாள். “மரகதம் புயல் வருகிறது” என்று முதல் தெருவில் சொன்னதுமே டீக்கடையில் சிரிப்பு கிளம்பிவிட்டது.

“மரகதமா? தனியா வருதா, புருஷனையும் கூட்டிட்டு வருதா?” என்று கத்தினார் டீக்கடைக்காரர்.

“எங்க வீட்டுக்கு வரச் சொல்லுக்கா, பாத்திரம் தேய்க்க ஆளில்ல” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அடுத்த தெருவிலும் அதே கதைதான். மூன்றாவது தெருவில் பிள்ளைகள் ‘மரகதம், மரகதம்’ என்று ராகம் போட்டுக்கொண்டே ஜீப்புக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். டிரைவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

“பேர விட்டுடுங்கக்கா. வெறும் புயல்னு சொன்னாத்தான் பயப்படுவாங்க. புயலுக்கெல்லாம் என்னத்துக்குப் பேரு?”

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. மத்தியானம் அலுவலகத்துக்குப் போனால் சூப்பிரண்டு வேறு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “ஒரு முனையில நாப்பது செகண்டுக்கு மேல நிக்காதீங்கம்மா. இன்னைக்கு மூணு சுத்து வரணும். சுருக்கிக்கங்க.”

பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டாள். சாயங்காலச் சுற்றில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறத் தொடங்கினார்கள். அவளுடைய தங்கையும் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தங்கையின் கணவன் படகு எஞ்சின் மெக்கானிக். பட்டறை படகுத்துறைக்கு எதிரில், வீடு பட்டறைக்குப் பின்னால். பட்டறையைப் பூட்டிய கையோடு அவனும் வந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமைத் தாளின் அடியில் தும்பி என்று இன்னொரு பெயர் இருந்தது. தொலைவில் உருவாகியிருக்கிறது, கண்காணிக்கப்படுகிறது என்று இரண்டே வரி. ஊரெல்லாம் சிரித்ததால் மரகதத்துக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். யாரையாவது கேட்கலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பாய் பத்தவில்லை என்று ஆள் வந்து நின்றது. அதோடு அது மறந்துபோயிற்று.

புதன்கிழமை விடிந்தபோது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஏழு மணிக்குத் தாள் வந்தது. மரகதம் புயல் திசை மாறி வலுவிழந்துவிட்டது; அது தொடர்பான எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்படுகிறது.

சூப்பிரண்டு பெருமூச்சு விட்டார். “அப்பாடா. ஜீப்பு பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். தெருவுக்கெல்லாம் ரெக்கார்டு பண்ணிக் குடுத்துடுங்க, குப்பை வண்டியில கட்டி விட்டுடலாம்.”

பதிவேட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பதிவு செய்தாள். “பொதுமக்கள் கவனத்துக்கு. புயல் வலுவிழந்துவிட்டது. அச்சப்பட வேண்டாம். அனைவரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம்.” ஒரே தடவையில் சரியாக வந்தது. முந்தைய இரண்டு நாள் களைப்பு எதுவும் அதில் தெரியவில்லை. பென் டிரைவை வாங்கிக்கொண்டு குப்பை வண்டி கிளம்பியது.

பள்ளிக்கூடத்தில் இதே செய்தியை அவள் நேரில் சொன்னபோது கை தட்டினார்கள். ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் கும்பிட்டார். வாளிக்குள் துணிமணி, அதற்கு மேல் ஒரு சுவர்க் கடிகாரம். அவர் அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார்.

“நல்ல சேதி சொன்னீங்கம்மா. ராத்திரி முழுக்க இங்க தூக்கமே இல்ல” என்றார். அவர் மனைவி வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். ஒன்பது மணிக்குள் பள்ளிக்கூடம் காலியாகிவிட்டது.

பத்து மணிக்கு இன்னொரு தாள் வந்தது. சூப்பிரண்டு அதை இரண்டு முறை படித்துவிட்டு அவளிடம் நீட்டினார். தும்பி புயல் எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்கிறது. இன்று மாலை நான்கு மணியளவில் கரையைக் கடக்கும். தாழ்வான பகுதி மக்களை உடனே வெளியேற்றவும்.

“என்னம்மா இது? காலையில வலுவிழந்துடுச்சுன்னானே?”

“ஆமா சார்.”

“அப்போ இது?”

“பழைய தாளா இருக்குமோ சார்? திங்கக்கிழமை அனுப்ப வேண்டியத இப்ப அனுப்பிட்டாங்களோ?”

“தேதி இன்னைக்குத்தான் போட்டிருக்கு.”

“அப்போ திரும்பவும் வலுத்துடுச்சா?”

“மூணு மணி நேரத்துலயா?”

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் யாரோ மெத்தையைக் காயப் போட்டிருந்தார்கள். அவள் வானிலை மையத்துக்கு போன் போட்டாள். ஏழாவது தடவைதான் எடுத்தார்கள்.

“புயல் வலுவிழந்துடுச்சா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“எந்தப் புயலக் கேக்குறீங்க?” என்றது ஒரு பெண் குரல்.

“நம்ம புயல்தாங்க.”

“நம்ம புயல்னு தனியா எதுவும் இல்லம்மா. கடல்ல ரெண்டு இருக்கு. பேரச் சொல்லுங்க.”

“ரெண்டா?”

“மரகதம் போயிடுச்சு. தும்பிதான் உங்க பக்கம் வருது. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாதுன்னுதானே பேரே வைக்கிறோம்? ஜனங்ககிட்ட பேர் சொல்லித்தானே அறிவிச்சீங்க?”

ரிசீவரை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. அவள் காதுக்குள் எதுவும் ஒழுங்காக ஏறவில்லை. மரகதம், தும்பி, போனது, வருவது, காலை ஏழு, மாலை நான்கு. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. ஒன்று மட்டும் துலக்கமாக இருந்தது. குப்பை வண்டி மூன்று மணி நேரமாகத் தெருவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஜீப்பில் ஏறியதுமே மைக்கைப் பிடித்தாள். “தும்பி வருது! தும்பி புயல் வருது! எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க! நாலு மணிக்குள்ள போயிடுங்க!”

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். “என்னக்கா, தும்பியா? பிடிச்சு நூல்ல கட்டிடுவோம், விடுங்க.”

“விளையாடாதீங்க. புயல் வருது!”

“அதான் போயிடுச்சுன்னு காலையில இருந்து நீங்களே சொல்லிட்டு இருக்கீங்களே.”

“அது வேற புயல்!”

“திங்கக்கிழமையில இருந்து ஒரே புயலத்தானே சொன்னீங்க? வேற புயல் எப்போ வந்துச்சு?”

அவரை நம்பவைக்க நேரமில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினான். இரண்டாம் தெரு முனையில் திரும்பும்போது, பக்கத்துத் தெருவிலிருந்து அவளுடைய குரலே கேட்டது. “புயல் வலுவிழந்துவிட்டது. அச்சப்பட வேண்டாம்.” நிதானமாக, தெளிவாக, தடுப்பூசி அறிவிப்பு மாதிரி. இங்கே அவள் “வருது, கிளம்புங்க” என்று தொண்டை கிழியக் கத்த, அங்கே அவளே “வீட்டுக்குத் திரும்பலாம்” என்றாள். வாசல்களில் நின்றவர்கள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். ஒரு கிழவர் இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார்.

“முதல்ல அதப் பிடிப்பா” என்றாள் டிரைவரிடம்.

பிடிக்க முடியவில்லை. குரல் இடப்பக்கம் கேட்கும். அங்கே போனால் வலப்பக்கம் கேட்கும். குப்பை வண்டிக்காரனுக்கு போன் அடித்தால், தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறும்போது அவனுக்கு மணிச் சத்தம் எங்கே கேட்கும்? ஒரு சந்தில் குப்பைத் தொட்டி குறுக்கே கிடந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு அவள் ஓடினாள். தன் குரலைத் துரத்திக்கொண்டு தானே ஓடுவது என்னவென்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. மூச்சு வாங்க நின்ற இடத்தில் ஒரு பெண் கேட்டாள்: “மைக் அக்கா, நீங்க இங்க இருக்கீங்க, அப்போ அங்க பேசுறது யாரு?”

பன்னிரண்டு மணிக்குத்தான் வண்டி கிடைத்தது. மீன் ஏலக் கூடத்துக்கு வெளியே நிறுத்தி, வண்டிக்காரன் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஏறிப் பென் டிரைவைப் பிடுங்கினாள். திடீரென்று வந்த அமைதியில், கடல் பக்கமிருந்து வேறொரு சத்தம் மெல்லக் கேட்டது. வெயில் எப்போது போனது என்று தெரியவில்லை.

அதன் பிறகு வேலை கொஞ்சம் நடந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. இளைஞர்கள் சிலர் கதவு கதவாகத் தட்டினார்கள். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மூட்டை கட்டினார்கள். அவள் தங்கை வீட்டுக்குப் போனபோது மணி ஒன்றரை. தங்கை தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“துடைப்பத்தப் போடு. பாப்பாவத் தூக்கு. கிளம்பு.”

தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “என்னால முடியாதுக்கா. போன்னா போகவும் வான்னா வரவும் நாங்க என்ன பந்தா? காலையில நீதானே சொன்னே?”

“நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்.”

“ரெண்டுல எத நம்புறது?”

“இப்பச் சொல்றத.”

“அடுத்த மணி நேரத்துல வேற சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்?”

நிச்சயம் என்று சொல்ல வாயெடுத்தாள். காலையில் பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோதும் இதே நிச்சயம்தானே இருந்தது என்று தோன்றியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தங்கை அதைப் பார்த்தாள். அக்கா அழுது அவள் பார்த்ததே இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாப்பாவைக் கூப்பிட்டாள்.

மெக்கானிக் மட்டும் அசையவில்லை. பட்டறைத் தரையில் நான்கு எஞ்சின்கள் பிரித்துக் கிடந்தன.

“நீங்க போங்கக்கா. இதுகள மேல ஏத்திட்டு வந்துடறேன். அரை மணி நேரம்.”

“தம்பி, கேளுங்க...”

“வந்துடறேன்னு சொல்றேன்ல.”

மூன்று மணிக்கு மழை தொடங்கியது. மூன்றேகாலுக்கு ஜீப்பின் ஒலிபெருக்கியைக் காற்று வளைத்துவிட்டது. இனிமேல் தெருவில் இருக்க முடியாது என்று டிரைவர் வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினான். அவள் வாசலில் நின்று வருகிறவர்களின் பெயரை எழுதினாள். காலையில் இருந்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். இப்போது ஐந்நூற்று நாற்பதைத் தாண்டவில்லை. மீதிப் பேர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்களா, வழியில் இருக்கிறார்களா, வரவே போவதில்லையா? யாரைக் கேட்டாலும் வேறு வேறு பதில் சொன்னார்கள். ஒருவரை இரண்டு தரம் எழுதிவிட்டோமோ என்று முதலிலிருந்து எண்ணினாள். எண்ணும் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது.

மெக்கானிக் மூன்றே முக்காலுக்கு வந்தான். செருப்பில்லை. நெற்றியில் தகரம் கிழித்திருந்தது. தோளில் டீக்கடைக்காரரைச் சுமந்துகொண்டிருந்தான். கூரைக் கட்டை விழுந்து அவர் கால் உடைந்திருந்தது. தங்கை ஓடிப்போய் அவன் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். டீக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மைக் அக்காவைப் பார்த்தார். அவர் ஏதாவது கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

சொன்னபடி நான்கு மணிக்குப் புயல் கரையேறியது. இரண்டு மணி நேரம் பள்ளிக்கூடத்தின் கதவுகளை மேசைகளால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஓய்ந்தபோது படகுத்துறைப் பக்கம் பட்டறையும் இல்லை, வீடும் இல்லை.

மறுநாள் ஆட்களைத் தேடி எடுத்தார்கள். பரணிலும் தண்ணீர்த் தொட்டி மேலேயும் ஒண்டிக் கிடந்தவர்கள் உயிரோடு வந்தார்கள். காயம்பட்டவர்கள் நிறைய. இறந்தவர் ஒருவர்தான் என்று சூப்பிரண்டு சொன்னார். ஐஸ் கம்பெனி வாட்ச்மேன். கேட்டைப் பூட்டப் போனவர் மேல் மதில் சரிந்திருக்கிறது.

“ஒருத்தர்தான்” என்று சூப்பிரண்டு இரண்டாம் முறையும் சொன்னபோது அவள் வெளியே போய்விட்டாள்.

விசாரணை வந்தது. தாளில் பெயர் இருந்தது என்று வானிலை மையம் காட்டியது. சுருக்கச் சொன்னேனே தவிர பெயரை எடுக்கச் சொல்லவில்லை என்றார் சூப்பிரண்டு. அதுவும் உண்மைதான். விளையாட்டாகச் சொன்னேன் என்று டிரைவர் தலை குனிந்தான். பெயரை அடித்தது நான்தான் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். ஆனால் எழுதும்போதே, ஜனங்கள் சிரித்தார்களே, அதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை. எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி ஒரு கடிதம் கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு அறிவிப்பிலும் புயலின் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அவ்வளவுதான். பெரிதாகத் தண்டித்திருந்தால் ஒரு தெளிவு பிறந்திருக்குமோ என்னவோ.

பதினைந்தாம் நாள் அவள் வாட்ச்மேன் வீட்டுக்குப் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் மனைவி கதவைத் திறந்து, பாயை உதறிப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பளவில் இருந்தது.

மைக் அக்கா கேட்டாள்: “நான் ரெண்டாவது தடவ சொன்னது உங்களுக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சே. ரெண்டுமே கேட்டுச்சு. இவரு வாசல்ல நின்னு ரெண்டையும் கேட்டாரு. எதும்மா நிசம்னு என்னக் கேட்டாரு.” அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான்தான் சொன்னேன். காலையில நிதானமாச் சொன்னாங்க, எப்பவும் பேசுற மாதிரி. இப்ப என்னவோ கத்துறாங்க, தும்பிங்கிறாங்க, ஒண்ணும் விளங்கல. நிதானமாச் சொன்னதுதான் சரியா இருக்கும்னேன். அவரும் தலைய ஆட்டிட்டு டூட்டிக்குக் கிளம்பிட்டாரு.”

மைக் அக்கா பாயின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“உங்கமேல வருத்தம் இல்லம்மா. என்மேலதான். இல்ல, அதுவும் சரியாத் தெரியல. யார்மேல வருத்தப்படணும்னே பிடிபடல.”

“என்மேல படுங்க” என்றாள் அவள்.

அந்தப் பெண் எழுந்துபோய், அலமாரிக்கு மேலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துவந்தாள். இறப்புச் சான்றிதழுக்கானது. பாதி நிரப்பியிருந்தது. “பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதிக் குடுத்தா. இந்த ஒரு இடத்துல அவளுக்கும் தெரியல.” விரலால் தொட்டுக் காட்டினாள். ‘இயற்கைச் சீற்றத்தின் பெயர்’ என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு காலியாக இருந்தது.

“அந்தப் புயலுக்குப் பேரு என்னம்மா? போனதா, வந்ததா, இவர எடுத்துட்டுப் போனது எது?”

மைக் அக்கா பேனாவை வாங்கினாள். தாளை முழங்கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் ‘தும்பி’ என்று எழுதினாள். அந்தப் பெண் குனிந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“இவ்வளவு சின்னப் பேரா?” என்றாள்.

விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, மூடுவதற்குள் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும், எந்த ஜன்னலில் கொடுப்பது என்று தெரியாது, கூட வர முடியுமா என்று கேட்டாள். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.